பேசும் நரிப் படம் ஒன்று: வாயனசாலையில் பிள்ளைகளுக்குப் போடலாமா? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பனங்காட்டு வாசகி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் வாயனசாலையில் (ஊர் நூலகம்தான்) ஏப்ரல், மே லீவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படம் போடுவது உண்டு. இந்த வருஷம் படம் தேர்ந்தெடுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் சொன்னது ‘ஃபேன்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்’. ரோல்ட் டால் 1970இல் எழுதிய கதையை வைத்து வெஸ் ஆண்டர்சன் 2009இல் எடுத்த பொம்மைப் படம். ஒரு நரி, மூன்று பண்ணைக்காரர்கள், கோழித் திருட்டு, பண்ணைக்காரர்கள் நரியைக் குடும்பத்தோடு பிடிக்க மண்ணைத் தோண்டுகிறார்கள், நரி இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. கதை அவ்வளவுதான்.

கமிட்டியில் ஒரு அண்ணன் இருக்கிறார், கொச்சியில் கிராபிக்ஸ் வேலை பார்த்தவர். அவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ரோமம் எல்லாம் தானாக நெளியுது, நடை விட்டு விட்டு வருது, புகை பஞ்சு மாதிரி இருக்கு, கம்ப்யூட்டரில் பண்ணின நல்ல படம் எத்தனையோ இருக்கே” என்கிறார். அவர் சொன்ன மூன்றும் உண்மை. அந்த மூன்றும்தான் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். நரி காலையில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிறது, பெண்டாட்டியிடம் பத்திரிகையில் தான் எழுதும் பத்தியை யாராவது படிக்கிறார்களா என்று பெரிய மனுஷன் தோரணையில் விசாரிக்கிறது, தட்டு முன்னால் வந்ததும் தலையைக் குனிந்து அந்த ரொட்டியைக் குதறிக் கிழித்து நாலு பக்கமும் சிதறடித்துத் தின்றுவிட்டு, மறுபடி ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து உட்காருகிறது. இதைப் பார்த்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இதையே வழவழவென்று கம்ப்யூட்டரில் செய்திருந்தால் சிரித்திருப்பேனா என்று தெரியவில்லை.

அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? அப்புறம், மூன்றாவதிலிருந்து ஏழாவது வரை படிக்கிற பிள்ளைகள், பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாளம். இங்கிலீஷ் படத்துக்கு உட்காருவார்களா?

ஃப்ரேம் பொறுக்கி:

வணக்கம் மேடம். சென்னையில் கொஞ்ச காலம் இந்தத் தொழிலில் இருந்தவன், இப்போது பாலக்காட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணன் குறை என்று சொன்ன ஒவ்வொன்றும் வேண்டுமென்றே வைத்தது, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

நடை விட்டு விட்டு வருவது: சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படம். இந்தப் படத்தில் பொம்மையை ஒரு நிலையில் வைத்து, அதையே இரண்டு ஃப்ரேமுக்குப் பிடித்துவிட்டு அப்புறம்தான் அடுத்த நிலைக்கு நகர்த்தியிருக்கிறார்கள். அப்படியானால் நொடிக்கு 12 நிலைதான். எங்கள் ஆட்கள் இதை ‘டூஸ்’ என்பார்கள். 24-க்கு 24 எடுத்திருந்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிருக்கும், பணமும் நேரமும் கூடியிருக்கும், ஆனால் ஆண்டர்சனுக்கு அந்த வழுக்கல் வேண்டாம். படம் 87 நிமிஷம், நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அறுபதாயிரம் தடவை யாரோ ஒருவர் குனிந்து பொம்மையின் காதையோ விரலையோ வாலையோ கொஞ்சம் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். ஒரே காட்சியில் நாலு மிருகம் இருந்தால் அத்தனையையும் தொட வேண்டும்.

ரோமம் நெளிவதற்குக் காரணமும் இதுவேதான். பொம்மைக்கு நிஜ ரோமம் வைத்தால் தொடும் இடமெல்லாம் கலையும், அடுத்த ஃப்ரேமில் வேறு பக்கம் சாய்ந்து கிடக்கும், ஓட்டிப் பார்த்தால் காற்றில்லாமலே ரோமம் கொதிக்கிற மாதிரி தெரியும். சாதாரணமாக இந்தத் தொழிலில் இதற்குப் பயந்துதான் ரோமத்தையே தவிர்ப்பார்கள், அல்லது பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். 1933இல் வந்த ‘கிங்காங்’ படத்திலும் அந்தக் குரங்கின் மேல் ரோமம் இப்படித்தான் அலையும். ஆண்டர்சனுக்கு அது பிடித்திருந்தது, அதனால் கேட்டே வாங்கிக்கொண்டார். அங்கே நெளிவது ரோமம் இல்லை மேடம், பொம்மையை நகர்த்தினவன் கைப்பட்ட தடம்.

பஞ்சும் அப்படியே. கம்ப்யூட்டரில் புகை செய்யத் தெரியாமல் இல்லை. எல்லாம் மேஜை மேல் கையால் செய்த பொருளாக இருக்கட்டும் என்று புகைக்குப் பஞ்சை வைத்தார்கள். நரி போட்டிருக்கும் அந்தக் கார்டுராய் சூட் இருக்கிறதே, அது ஆண்டர்சன் தனக்குத் தைத்துக்கொள்ளும் துணியிலேயே தைத்தது என்பார்கள். பொம்மைகளைச் செய்தது மெக்கின்னன் அண்ட் சாண்டர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி, படப்பிடிப்பு லண்டனில் த்ரீ மில்ஸ் ஸ்டுடியோ. ஒரே நரிக்கு வெவ்வேறு அளவில் பொம்மைகள். கிட்டத்தில் காட்டப் பெரியது, தூரத்து மலைமேல் ஓடுவதற்கு விரல் அளவில் ஒன்று. அந்தக் குட்டி நரி ஓடும்போது பாருங்கள், முகமே இருக்காது, ஆனால் நடையிலேயே அதே திமிர் தெரியும். இன்னொன்று, ஆண்டர்சன் அந்தச் சமயம் பெரும்பாலும் பாரிஸில் இருந்துகொண்டு, எந்த மிருகம் எப்படித் திரும்ப வேண்டும் என்று தானே நடித்து வீடியோ எடுத்து அனுப்புவார். அனிமேஷன் இயக்குநர் மார்க் கஸ்டாஃப்சன், பிற்பாடு கில்லெர்மோ டெல் டோரோவோடு சேர்ந்து ‘பினோக்கியோ’ இயக்கி 2023இல் ஆஸ்கர் வாங்கினவர். உங்கள் அண்ணனிடம் இந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள், கிராபிக்ஸ் ஆள் என்றால் கப்சிப் ஆகிவிடுவார்.

நகரிக்காரன்:

ஃப்ரேம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கை, உழைப்பு, அறுபதாயிரம் தடவை என்று சொல்லி ஒரு படத்தைப் பிடிக்க வைக்க முடியாது. எங்கள் நகரி ஆந்திர எல்லையில் இருக்கும் விசைத்தறி ஊர், உழைப்பைப் பார்த்து யாரும் இங்கே வாய் பிளப்பதில்லை. கஷ்டப்பட்டு எடுத்த மொக்கைப் படம் எத்தனையோ உண்டு.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் அழகு குரலில் இருக்கிறது. கார்ட்டூன் மிருகம் என்றாலே கீச்சுக் குரலில் கத்த வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள் அல்லவா, இதில் யாரும் கத்துவதில்லை. ஜார்ஜ் க்ளூனியும் மெரில் ஸ்ட்ரீப்பும் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற மாதிரி தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். ரெக்கார்டிங் தியேட்டரில் மட்டும் உட்கார வைக்காமல், கனெக்டிகட்டில் ஒரு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய், கதையில் ஓடுகிற இடத்தில் நிஜமாகவே ஓட விட்டு, தோண்டுகிற இடத்தில் தரையில் குனிய விட்டு, வெளியிலேயே குரல் பதிவு செய்திருக்கிறார்கள். மூச்சு வாங்குவது நிஜ மூச்சு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள், தெரியும்.

இதைவிட எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்குத்தான் புரியும் ஒரு விஷயம் சொல்கிறேன். அந்தப் படத்தில் மிருகங்கள் எல்லாம் அமெரிக்க இங்கிலீஷ் பேசும், பண்ணைக்காரர்களும் மற்ற மனிதர்களும் பிரிட்டிஷ் இங்கிலீஷ். கதை நடப்பது இங்கிலாந்து மாதிரி ஓர் இடத்தில். அதாவது மண்ணுக்கடியில் இருப்பவர்களுக்கு ஒரு பேச்சு, மேலே துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பேச்சு. எங்கள் ஊரில் எடுத்தால் நரி தமிழ் பேசும், பண்ணைக்காரர் தெலுங்கு பேசுவார் (அடிக்க வராதீர்கள், மாற்றி வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்). வாசகி அக்கா ஊரில் அந்தப் பக்கம் மலையாளம். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, ஸ்கூலில் ஒன்று என்று பேசி வளர்கிற பிள்ளைகளுக்கு இது விளக்காமலே பிடிபடும்.

மொழி புரியாவிட்டாலும் உட்காருவார்களா என்று கேட்டீர்கள். ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். நரியின் மகன் ஆஷுக்கும் விருந்தாடி வந்த கிறிஸ்டோஃபர்சனுக்கும் ஆகாது. வந்தவன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன், இவனுக்கு வயிற்றெரிச்சல். ராத்திரி வந்தவனுக்குப் படுக்கக் கிடைத்த இடம் பொம்மை ரயில் வைத்திருக்கும் மேஜைக்குக் கீழே. கொஞ்ச நேரம் சண்டை, அப்புறம் இருட்டில் அவன் அழுகிற சத்தம். ஆஷ் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலை விட்டு இறங்கி வந்து ரயிலை ஓட விடுகிறான். இரண்டு பேரும் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். லீவுக்கு மாமன் மகன், சித்தி மகன் வந்து படுக்கையில் பங்கு கேட்ட வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு சப்டைட்டில் எதற்கு?

கிணத்துக்கடவு வழிப்போக்கன்:

எனக்கு இந்தப் படம் ஒட்டவில்லை. ஆளை நடுவில் நிறுத்தி, ஃப்ரேமுக்கு அளவு நாடா பிடித்து எடுத்த மாதிரி ஒரு இறுக்கம். எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே ஆரஞ்சு. பெரியவர்களுக்கான நையாண்டியைப் பிள்ளைகள் படம் என்று பேர் வைத்து விற்றிருக்கிறார்கள் என்பது என் கருத்து, அதிலும் நரிக்கு வருகிற அந்த நடுவயது மனக்குறையெல்லாம் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு?

மொழிதான் பிரச்சினை என்றால் ‘ஷான் தி ஷீப்’ 2015 படத்தைப் போடுங்கள். பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மேன் ஸ்டுடியோ எடுத்தது. அதுவும் இதே மாதிரி பொம்மையை நகர்த்தி எடுத்ததுதான், படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது, மனிதர்கள் பேசுவதுகூட முணுமுணுப்புதான். ஆடு பட்டணத்துக்குப் போய் மனுஷன் மாதிரி வேஷம் போடுவதற்கு மொழி வேண்டாம்.

நகரிக்காரன்:

வழிப்போக்கரே, ‘ஷான்’ நல்ல படம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா கேட்டது பேசுகிற மிருகங்களின் கவர்ச்சி. ஆர்ட்மேனிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. நிக் பார்க் 1989இல் ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ என்று ஒரு குறும்படம் எடுத்தார், ஆஸ்கரும் வாங்கியது. நிஜ மனிதர்களிடம் அவர்கள் இருக்கும் வீட்டையும் ஊரையும் பற்றிப் பேச விட்டுப் பதிவு செய்து, அந்தக் குரலை மிருகக்காட்சி சாலை மிருகங்களின் வாயில் வைத்துவிட்டார். பிரேசிலிலிருந்து வந்து இங்கிலாந்தில் இருந்த ஒருவர் இடம் பத்தவில்லை, குளிர் தாங்கவில்லை, சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை என்று புலம்புகிறார், படத்தில் அது கூண்டுக்குள் கையை ஆட்டி ஆட்டிப் பேசும் ஜாகுவார். ஷார்ஜாவிலிருந்து ராத்திரி போன் பண்ணும் எங்கள் சித்தப்பா இதே புலம்பல்தான், அவரை ஒரு கூண்டுக்குள் வைத்தால் படம் ரெடி.

கூத்துமாடம்:

ஒற்றப்பாலத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் இங்கிலாந்துக்குப் போய்விட்டீர்கள், பக்கத்தில் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் பகவதி கோவில்களில் இன்றைக்கும் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. கோவிலுக்கு எதிரே நீளமான கூத்துமாடம், வெள்ளைத் திரை, பின்னால் வரிசையாக 21 விளக்கு, தோலில் வெட்டிய பாவைகள். ராத்திரி ராத்திரியாகக் கம்பராமாயணப் பாட்டைப் பாடி விளக்கம் சொல்வார்கள். கேரளத்துக்குள் தமிழ்ப் பாட்டு, இடையில் மலையாளம், சமஸ்கிருதம் எல்லாம் கலந்து வரும். கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அனுமனும் ஜடாயுவும் பேசுகிற மிருகமும் பறவையும்தானே? பாவைக்கு ஆடுவது பெரும்பாலும் ஒரு கை மட்டும், வாய் அசையவே அசையாது. ஆனால் ஜடாயு விழும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள்.

அதனால் வழவழப்பு இருந்தால்தான் நம்புவோம் என்பது சரியில்லை. குறைத்துக் காட்டினால் மீதியைப் பார்ப்பவன் போட்டுக்கொள்கிறான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஸ்டாரெவிச் என்று ஒருவர், அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த கௌனஸ் ஊரில் இயற்கை வரலாற்று மியூசியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1910 வாக்கில் கொம்பு வண்டுகள் சண்டை போடுவதைப் படம் பிடிக்கப் பார்த்தார், விளக்குச் சூட்டில் வண்டு அசைய மறுத்தது, செத்தும் போனது. செத்த வண்டுக்குக் கம்பியில் கால் வைத்து மெழுகில் ஒட்டி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திச் சண்டை போட வைத்துவிட்டார். பார்த்தவர்கள் உயிருள்ள பூச்சிகளைப் பழக்கி எடுத்தது என்றே நினைத்தார்களாம். அதே மனிதர் பாரிஸுக்குக் குடிபோய் மகளோடு சேர்ந்து முழுநீளப் பொம்மைப் படம் ஒன்று எடுத்தார், 1937இல் பெர்லினில் வெளியானது. அதில் கதாநாயகன் யார் தெரியுமா? நரி! கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சிங்க ராஜாவையே ஏமாற்றுகிற நரி.

ஃப்ரேம் பொறுக்கி:

கூத்துமாடம் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன், மன்னிக்கணும். பாவைக் கூத்தில் ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால் அந்த நேரத்தில் இருக்கிறார், கூட்டம் சிரித்தால் ஒரு நிமிஷம் இழுப்பார், தூங்கினால் சுருக்குவார். ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையை நகர்த்தி நகர்த்தி எடுக்கும் இந்த முறையில், கை வைத்தவன் எந்த ஃப்ரேமிலும் இல்லை. தொட்டுவிட்டு வெளியே போன பிறகுதான் ஒவ்வொரு ஃப்ரேமும் எடுப்பது. பொம்மை தானாகவே நின்றுகொண்டு நம்மைப் பார்க்கிறது. மனித நடிகனை விட்டு மிருகத்தையும் பொம்மையையும் இதற்கு எடுப்பதன் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். உயிர் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் உறைக்கவே மாட்டேன் என்கிறது.

வழிப்போக்கருக்கு: மஞ்சள், ஆரஞ்சு பற்றி. அது இலையுதிர் காலக் கதை, நீலமும் பச்சையும் கிட்டத்தட்ட இல்லாமலே செய்தார்கள். கண்ணுக்கு அலுப்பு என்றால் உங்கள் இஷ்டம்.

பனங்காட்டு வாசகி:

ஐயோ, இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. அண்ணனுக்கு ஃப்ரேம் சார் பதிலை அப்படியே படித்துக் காட்டினேன். “சரி, வேணும்னே பண்ணினாலும் எனக்குப் பிடிக்கலை” என்கிறார். நியாயம்தான். ஆனால் படம் போடச் சம்மதித்துவிட்டார். நடுநடுவே நிறுத்தி நான் கதை சொல்வதாக ஏற்பாடு.

ஒரு அம்மா மட்டும் வந்து, திருடுகிறவனையா பிள்ளைகளுக்கு ஹீரோவாகக் காட்டுவது என்று கேட்டார். அவர் வீட்டில் கோழி வளர்க்கிறார்கள் (அதனால் அவர் கேள்வியில் சொந்த நஷ்டமும் இருக்கிறது). நரி திருடியதால்தான் வீடு போகிறது, வால் போகிறது, அக்கம்பக்கம் அத்தனை பேரும் பட்டினி கிடக்கிறார்கள், பெண்டாட்டி முகத்தில் நகத்தால் கீறுகிறாள், படம் அவனைச் சும்மா விடவில்லை என்று சொன்னேன். அரை மனசாகப் போயிருக்கிறார்.

இப்போது புதுத் தலைவலி. பிள்ளைகளை வைத்து இதே மாதிரி ஒரு சின்னப் படம் எடுக்கலாமே என்று அண்ணனே கிளப்பிவிட்டார். நரி, கோழிப் பண்ணை, நம்ம ஊர்ப் பேச்சு. ஃபோனில் முடியுமா ஃப்ரேம் சார்?

ஃப்ரேம் பொறுக்கி:

தாராளமாக முடியும். ‘ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ’ என்று ஒரு ஆப் இருக்கிறது, இலவசப் பதிப்பே போதும். நான் சொல்கிறபடி செய்தால் பாதித் தலைவலி குறையும்.

ஃபோனைக் கனமான புத்தக அடுக்கில் சாய்த்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வாயனசாலையில் புத்தகத்துக்கா பஞ்சம். படம் எடுக்கத் திரையைத் தொடாதீர்கள், ஒவ்வொரு தொடலுக்கும் ஃபோன் அசையும். ஒயர் வைத்த இயர்போனை மாட்டினால் பல ஃபோன்களில் அதன் சத்தப் பட்டனே க்ளிக் பட்டனாக வேலை செய்யும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி வையுங்கள். ஜன்னலை மூடுங்கள், ஒரு மேகம் போனால் போதும், ஓட்டிப் பார்க்கும்போது சூரியன் கண்ணடிக்கும். எல்.இ.டி. பல்பு இரண்டு போதும். பொம்மை பக்கத்தில் நிற்கிற பிள்ளை பளிச்சென்று மஞ்சள் சட்டை போட்டிருந்தால் அந்த நிறம் பொம்மை மேல் விழும், கறுப்புச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். பெரிய ஸ்டுடியோவிலும் இதே கதைதான்.

களிமண் வேண்டாம், காய்ந்தால் வெடிக்கும். கடையில் விற்கும் க்ளே, மே மாசப் பாலக்காட்டு வெயிலில் கொழகொழவென்று ஆகி நரி முட்டி மடங்கி உட்கார்ந்துவிடும். அதனால் உள்ளே கட்டுக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடு செய்துகொண்டு, மேலே துணி சுற்றுங்கள். பழைய சாக்குத் துணி நரிக்கு அருமையாக இருக்கும், நூல் பிரிந்து நெளியும், உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது! காலைத் தெர்மாகோல் பலகையில் குண்டூசி குத்தி நிறுத்துங்கள்.

நொடிக்கு 12 எடுக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, 8 போதும். பத்து நொடிக்கு 80 படம், ஒரு காலைப் பொழுது போய்விடும். முக்கியமாக, குரலை முதலில் பதிவு செய்யுங்கள், அதைக் கேட்டுக்கொண்டுதான் பொம்மையை நகர்த்த வேண்டும். தலைகீழாகச் செய்தால் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

நகரிக்காரன்:

நரி தமிழ்தானே அக்கா? பண்ணைக்காரர் மூன்று பேருக்கும் மலையாளக் குரல் யார்?

பனங்காட்டு வாசகி:

நரி தமிழேதான், அதில் மாற்றமில்லை. மலையாளத்துக்கு எங்கள் வாயனசாலை செயலாளரையே கேட்டோம், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். கதையில் அந்த மூவரில் ஒருத்தர் குண்டு, ஒருத்தர் குள்ளம், ஒருத்தர் ஒல்லி அல்லவா, குரல் மட்டும் கொடுப்பதாக இருந்தாலும் தனக்கு ஒல்லி ஆளைத்தான் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.